மஞ்சள் சட்டை ஒதுங்கிய ஓரம்

போயகா மலைச் சைக்கிள் பந்தயத்தில் போன வருஷம் அனிபால் செய்த காரியத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. எல்லா நாள் நேரத்தையும் கூட்டி முந்தியிருப்பவன் போடும் மஞ்சள் சட்டையோடு முன்னிலையில் இருந்த நெப்தாலி சாலையோரம் ஒன்றுக்கு ஒதுங்கிய நேரம் பார்த்து, இவன் சைக்கிளை மிதித்துப் பறந்துவிட்டான். மஞ்சள் சட்டைக்காரன் ஒதுங்கினால் மொத்தக் கூட்டமும் மெதுவாகப் போக வேண்டும். அது எந்த விதியிலும் இல்லை, ஆனால் மீறியவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அனிபாலுக்குக் கோப்பை கிடைத்தது. கூடவே 'மூத்திரக் கோப்பை' என்று பெயரும் கிடைத்தது.

இந்த வருஷம் மஞ்சள் சட்டை அவன் மேல். சில விநாடிகள் பின்னால் நெப்தாலி. இன்று கடைசி நாள். இன்றும் ஜெயித்துவிட்டால் அந்தப் பெயரைத் துடைத்துவிடலாம்.

"டேய் அனிபால், அடுத்தது என் ஊரு. முன்னாடி போய் வீட்டாளுங்களைப் பார்த்துக்கறேன்," என்றான் நெப்தாலி.

சொந்த ஊர் வந்தால் அப்படிக் கேட்பதும், கூட்டம் விட்டுக்கொடுப்பதும் வழக்கம். ஆனால் தன் புத்திதான் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைப்பவன் அனிபால்.

"நானும் வர்றேன்."

"எம் பொண்டாட்டியப் பார்க்க நீ எதுக்குடா?"

கூட்டமே சிரித்தது. அவன் வெட்கமில்லாமல் கூடவே போனான்.

நெப்தாலி நிஜமாகவே இறங்கி மனைவியையும் குழந்தையையும் முத்தமிட்டான். அவன் மாமியார் ரொசால்பா, கூஜாவோடு நின்று அனிபாலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் மருமகன் ஒன்னுக்குப் போறப்ப ஓடிப்போன மகராசன் நீங்கதானா? குடிங்க. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புற வீடு இல்ல இது."

சுடச்சுட வெல்லத் தண்ணீர், பெரிய கோப்பையில், இரண்டு முறை. மறுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பின்னால் வந்த கூட்டம் அவர்களோடு சேர்ந்துகொண்டது. கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் அனிபாலுக்கு அடிவயிறு முட்டியது. ஒதுங்கினால் நெப்தாலி பறந்துவிடுவான், ஒதுங்காவிட்டால் ஏற முடியாது. வேறு வழியில்லாமல் இறங்கினான்.

நெப்தாலி பறக்கவில்லை. சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திக் கையைத் தூக்கினான்.

"எவனும் நகரக் கூடாது! அண்ணன் நிதானமா முடிச்சுட்டு வரட்டும்!"

மொத்தக் கூட்டமும் காலூன்றி நின்று அனிபாலின் முதுகையே பார்த்தது. டிவிக்காரர்களின் மோட்டார் சைக்கிள் நெருங்கி வந்தது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர்.

"அவசரமே இல்லண்ணே!"

"ஸ்ஸ்ஸ்னு சத்தம் குடுக்கட்டுமா?"

ஒரு சொட்டுகூட வரவில்லை. அவமானத்தில் காது சிவக்கத் திரும்பி வந்து சைக்கிளில் ஏறினான்.

பாதி மலையில் நெப்தாலி எழுந்து மிதித்தான். பறை மாதிரி விம்மிய வயிற்றோடு அனிபாலால் துரத்த முடியவில்லை. உச்சியில் இருந்த முடிவுக் கோட்டை அவன் அடைந்தபோது மஞ்சள் சட்டை கைமாறிவிட்டது.

எல்லோரும் பார்க்க அனிபால் நேராக நெப்தாலியிடம் போனான்.

"போன வருஷம் நான் பண்ணது ஈனத்தனம்டா."

"அது தெரியும். மொதல்ல அந்தச் சுவத்துக்குப் பின்னால போ."

கேமராக்கள் பின்னாலேயே ஓடி வந்தன. நெப்தாலி அப்போதுதான் கிடைத்த மஞ்சள் சட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அவனை மறைத்துக்கொண்டு நின்றான்.