பிளானில் ஒரு கட்டில்

வீட்டோடு கூடுதலாக ஓர் அறை கட்ட அனுமதி கேட்பவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக. அனுமதி அலுவலகத்துக்கு வேண்டியது சுவர், கதவு, ஜன்னல், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அவ்வளவுதான். நான் கட்டிலையும் அலமாரியையும் சேர்த்தே வரைவேன். வெறும் கட்டத்தைக் காட்டினால் எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள், கட்டி முடித்த பிறகு "இவ்ளோ சின்னதா?" என்று என் உயிரை வாங்குவார்கள். கட்டிலைப் பார்த்தால்தான் மனிதர்களுக்கு அறை புரிகிறது. இந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் என்னை டெய்லர் வீட்டில் மாட்டிவிட்டது.

டெய்லருக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். படுக்கையறையும் பாத்ரூமும் மாடியில். அவரோ முன்னறையில், வாசலைப் பார்த்த கட்டிலில். தபால்காரர் முதல் கேஸ் கொண்டுவருபவர் வரை எல்லாரும் அவர் படுக்கையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் ஒரு திரைக்குப் பின்னால். சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் பாத்ரூமோடு ஓர் அறை எழுந்தால் அந்த மனிதருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைக்கும். பின்சுவரிலிருந்து மூன்று மீட்டர் வரை கட்டலாம் என்பது விதி. அடுத்த மாதம் அது இரண்டு மீட்டராகக் குறைகிறது. இரண்டு மீட்டரில் வீல்சேர் திரும்பாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்தோடு பிளான் உள்ளே போயாக வேண்டும். வீடு அவர் பெயரில் இருக்கிறது.

அளவெடுத்த அன்று அவர் மனைவிதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சமையலறைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒத்தக் கட்டில் போடும்மா. நான் மாடியில படுத்துக்கறேன்."

"அண்ணன் கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல. ராத்திரி ஒரு தடவகூட அவர் என்னை எழுப்ப மாட்டாரு. ஆனா மூச்சு வருதான்னு என் காது அங்கயே கெடக்கும். இப்ப அவர் கட்டிலுக்குப் பக்கத்துலதான் பாய் போட்டுப் படுக்கறேன், முழுசா தூங்கி ரெண்டு வருஷமாச்சு. காலையில கேப்பாரு, தூங்கினியான்னு. நல்லாத் தூங்கினேன்னு சொல்லிடுவேன்."

ஒற்றைக் கட்டில் போட்டேன். வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் தாராளமாக விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பிளானை அவர் மடியில் பலகை வைத்து விரித்தேன். விரலால் பிளானைத் தட்டி "அளவு?" என்றார். நிஜத்தில் ஐம்பது, காகிதத்தில் ஒன்று என்றேன். தலையணைக்கடியிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். முப்பது வருடம் ஊர் உடம்பையெல்லாம் அளந்தவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கதவை அளந்தார், பாத்ரூமை அளந்தார். கட்டிலை அளந்தார். அதையே இன்னொரு முறை அளந்தார். பிறகு கையெழுத்துக்கு நான் நீட்டிய பேனாவைத் தள்ளிவிட்டார்.

"வேணாம்."

"என்ன வேணாம்? நாள் இருக்கா நமக்கு?" என்று மனைவி பதறினார். "சரியான பிடிவாதம்மா இது. இப்படித்தான் ஒரு வாரமா மருந்தையும் துப்பறாரு."

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. இன்னொரு தடவை வந்துபோக பெட்ரோல் என்ன தண்ணீரா? ஆனால் அவருடைய இடது கை விரல் கட்டில் மேலேயே நின்றதைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைக் கட்டில். அவளை எங்கே போட்டாய் என்று கேட்கிறார்.

அன்று மாலை முழுக்க உட்கார்ந்தேன். அலமாரியைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். பாத்ரூம் கதவை நகரும் கதவாக்கினேன். ஜன்னலை ஓர் அடி தள்ளினேன். இரட்டைக் கட்டிலும் வந்தது, வீல்சேர் வட்டமும் விழுந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை புதுப் பிளானை விரித்தேன். டெய்லர் கட்டிலை அளந்தார். பாதி முகம் சிரித்தது. பேனாவுக்குக் கை நீட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். அந்த "நல்லாருக்கு" ஆறிப்போன காப்பி மாதிரி இருந்தது. முந்தானையால் கையைத் துடைத்தார். துடைக்க எதுவும் இல்லாத கை. பிறகு அவரையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் பிளானிடம் சொல்வது போலச் சொன்னார்.

"நான் தூங்கி ரெண்டு வருஷமாச்சு."

டெய்லர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலையும் கேட்டு வாங்கிய பதில் எல்லாம் பொய் என்று அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரிந்தது. எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"கட்டிலே வேணாம்ண்ணே" என்றேன் அவசரமாக. "அழிச்சுடறேன். ஆபீஸ்ல கேக்கவே மாட்டாங்க. வெறும் ரூமாக் குடுத்துடலாம்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். என் பென்சிலை இடது கையில் வாங்கிக்கொண்டார். கட்டிலின் நடுவே, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு கோடு. வெட்டப்போகும் துணியில் போடுவது போல, நிதானமாக. கை நடுங்கியது, கோடு அவ்வளவாக நடுங்கவில்லை. பிறகு சுவர்ப்பக்கப் பாதியை விட்டுவிட்டு மற்றதை அடித்தார். அடித்துவிட்டு மேலே, மாடியைக் காட்டினார்.

"தூங்கு" என்றார்.

பேனாவை எடுத்துக் கையெழுத்தும் போட்டார். இடது கைக் கையெழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குனிந்து பிளானில் அந்த மீதிக் கட்டிலின் பக்கத்துச் சுவரைத் தொட்டார்.

"இங்க ஒரு மணி சுவிட்சு போடும்மா. இடது கைக்கு எட்டற மாதிரி. மேல என் தலைமாட்டுல அடிக்கட்டும்."

டெய்லர் மறுபடி தலையை ஆட்டினார். வாய் கோணி, எச்சில் வழிய, ஒவ்வொன்றாகச் சொல்லைத் தேடி எடுத்தார்.

"அடிக்க... மாட்டேன். நீ... தூங்கு."

"அப்படிச் சொன்னா நான் எப்படிங்க தூங்குவேன்? அங்க படுத்துக்கிட்டும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கெடப்பேன்." அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, விழுந்துபோன அந்த வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வேணும்னா அடிப்பேன்னு சொல்லுங்க. சத்தம் வரலன்னா நல்லாருக்கீங்கன்னு நம்பிட்டுத் தூங்குவேன். சொல்லுங்க."

டெய்லர் மாடிப் பக்கம் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்.

"அடிக்கறேன்" என்றார்.

நான் சுவரில் ஒரு சின்ன வட்டம் வரைந்து, பக்கத்தில் "மணி" என்று எழுதினேன்.