தயவுகூர்ந்து தோண்டிய பன்றி

2007ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இரண்டாம் வாரத்தில், மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் எங்கள் பள்ளிக்கு வரவிருப்பதாகக் கடிதம் வந்தது. எங்கள் பள்ளி கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் உள்ளது. நான் அங்கே தமிழாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி தாமரைச்செல்வி எங்களிடமே தொடர்ந்து படிக்கலாமா, அல்லது சமவெளியில் உள்ள சிறப்பு விடுதிக்கு அனுப்பப்பட வேண்டுமா என்பதை அந்த அலுவலர் நேரில் பார்த்து முடிவு செய்வார் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த விடுதியில் எட்டாம் வகுப்புக்கு மேல் பாடம் கிடையாது. தையலும் மெழுகுவர்த்தி வார்ப்பும் சொல்லித்தருவார்கள். பெற்றோர் மாதம் ஒருமுறை சென்று பார்த்து வரலாம்.

தாமரைச்செல்வி நன்றாகப் பேசுவாள். கேட்ட பாடத்தை மறக்கமாட்டாள். எழுதத்தான் அவளுக்கு வராது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அவள் கையில் இடம் மாறிவிடும். ஒரு சொல்லில் நான்கு எழுத்துகள் இருந்தால் இரண்டுதான் தாளுக்கு வந்து சேரும். ஏழாண்டுகளாக அவளை அடித்தும் திட்டியும் பார்த்திருக்கிறார்கள். அது ஒரு குறைபாடு, சோம்பல் அன்று என்பதை எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. நானும் அறிந்திருக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுவதே முறை.

அதற்கு முந்தைய ஆண்டு, இப்படிப்பட்ட மாணவர்களுக்கென்று ஒரு கணினியும் அதில் 'எழுத்துத்துணை' என்ற மென்பொருளும் எங்களுக்கு வழங்கப்பட்டன. அதன் செயல்பாடு எளிமையானது. சொல்லின் முதல் எழுத்தைத் தட்டினால், திரையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் ஆறு சொற்கள் தோன்றும். வேண்டியதைச் சுட்டியால் தொட்டால் அது பக்கத்தில் போய் அமர்ந்துகொள்ளும். ஒரு குரல் அதை வாசித்தும் காட்டும். பட்டியலில் இல்லாத சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். அப்படி இரண்டு மூன்று முறை தட்டிவிட்டால் கணினி அதைக் கற்றுக்கொண்டு மறுமுறை தானே காட்டும். அடிக்கடி பயன்படும் சொல் பட்டியலின் மேலே ஏறிவிடும்.

இதற்காக நாமக்கல்லில் ஒருநாள் பயிற்சி நடந்தது. நான் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் திறப்பது பற்றிப் பயிற்றுநர் ஏதோ கூறினார். மின்விசிறியின் இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுமாறு கேட்பது அவரைத் தொந்தரவு செய்வதாகும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆறு மாதங்களில் தாமரைச்செல்வி அந்தக் கணினியில் தன் பெயரைத் திறந்து, தான் பேசும் சொற்களையெல்லாம் அதற்குப் பழக்கிவிட்டாள். 'ஊ' என்று தட்டினால், வீட்டுக்கு அவள் சொல்லும் 'ஊடு' முதலில் வரும். 'கு' என்று தட்டினால், மரவள்ளிக்குச் சொல்லும் 'குச்சிக்கெழங்கு' வரும். ஒருநாளைக்கு ஒரு பக்கம் எழுதினாள். ஜனவரி இறுதியில் மிளகு பறிப்புத் தொடங்கியதால் இரண்டு வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை.

அந்த இரண்டு வாரங்களில்தான் தலைமையாசிரியை ஆரோக்கியமேரி அம்மையார் என்னை அழைத்தார்.

"குணசேகரன் சார், ஆபீசர் வர்றப்ப மனுவெல்லாம் கையோட குடுத்தனுப்பிடலாம். தண்ணித் தொட்டிக்கு ஒண்ணு, காம்பவுண்டுக்கு ஒண்ணு, ஓடு மாத்துறதுக்கு ஒண்ணு, இப்படி இருக்குற குறைக்கெல்லாம் ஒவ்வொண்ணு. உங்களை மாதிரி பணிவா எழுத யாரிருக்கா? கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு."

கணினியின் மேல் 'மாணவர் பயன்பாட்டிற்கு மட்டும்' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. எனக்குத் தட்டச்சும் தெரியாது. ஆகவே எழுத்துத்துணையைத் திறந்தேன். அதில் இருந்த ஒரே பெயர் தாமரைச்செல்வி. அதன்மேல் தொட்டு உள்ளே சென்று, இருபத்து மூன்று விண்ணப்பங்களை எழுதி முடித்தேன். கட்டம் எனக்கும் மிகுந்த உதவியாக இருந்தது. மூன்றாவது விண்ணப்பத்திற்குப் பிறகு 'பெ' என்று தட்டியதுமே 'பெருமதிப்பிற்குரிய' வந்து நின்றது.

அலுவலர் வரும் நாளன்று காலையில் தாமரைச்செல்வி நேராக ஊரிலிருந்து வந்தாள். அவளுடைய தாயார் பாவாயியும் உடன் வந்திருந்தார். காட்டு வேலையிலிருந்து அப்படியே புறப்பட்டு வந்தவர் போலக் கால்களில் செம்மண் காய்ந்திருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, இன்னிக்கு எழுதலீன்னா எம்புள்ளையக் கீழ அனுப்பீருவாங்களாங்க?"

"எழுதிடுவா, அம்மா. தினமும் எழுதுறவதானே."

"எனக்கும் இவ ஒருத்திதானுங்க. அவிய வெளக்கு ஊத்தறதுக்குச் சொல்லிக்குடுத்து நாங்க என்னுங்க பண்றது?"

"வெளக்கு இல்லம்மா, மெழுகுவத்தி" என்றாள் மகள்.

"ரெண்டும் எரியறதுதான், வா சாமி" என்றார் தாயார்.

அலுவலரின் பெயர் சவரிமுத்து. திருச்சிப் பக்கத்துக்காரர். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறியதில் அவருக்குத் தலைசுற்றல் இருந்தது. எலுமிச்சம்பழச் சாறு அருந்திவிட்டு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அதில் ஒரே கேள்விதான் பெரிய எழுத்தில் இருந்தது: 'மாணவர் பிறர் உதவியின்றித் தாமே எழுதுகிறாரா?' எதிரே 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு கட்டங்கள்.

"நேத்து உங்க வீட்டுல நடந்தது எதையாச்சும் எழுதும்மா. அரை மணி நேரம்."

தாமரைச்செல்வி கணினி முன் அமர்ந்தாள். அலுவலரும் தலைமையாசிரியையும் நானும் பின்னால் நின்றோம்; பாவாயி வெளியே காத்திருந்தார். சுட்டி அசையும் ஒலியும், இடையிடையே சொற்களை வாசிக்கும் அந்த உலோகக் குரலும் கேட்டன. அவளுடையவை அல்லாத, எனக்குப் பழகிய சொற்கள் சில அந்தக் குரலில் வந்ததை உணர்ந்தேன். அரை மணி முடியும் முன்பே அவள் கையை எடுத்துவிட்டாள். அச்சிட்ட தாளை அலுவலர் உரக்க வாசித்தார்:

'பெருமதிப்பிற்குரிய ஐயா, நேத்து எங்க ஊட்டுக் காட்டுக்குள்ள பன்னி பணிவுடன் வந்தது. குச்சிக்கெழங்கைத் தயவுகூர்ந்து தோண்டியது. எங்கம்மா கனிவுடன் கல்லு எடுத்தாங்க. பன்னி ஆவன செய்து ஓடிவிட்டது.'



"பன்னி தயவுகூர்ந்து தோண்டிச்சா?" என்றார் அலுவலர். பிறகு என்னைப் பார்த்தார். "சார், இதை யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதித் தரலீங்க ஐயா."

"எட்டாங்கிளாஸ் புள்ள 'ஆவன செய்து'ன்னு எழுதுமா? முப்பது வருஷம் ஆபீஸ்ல பெஞ்சு தேச்சவன் எழுதுறது இது. முன்னாடியே அடிச்சு வச்சதைப் புள்ள பட்டனைத் தட்டி எடுக்குது. அவ்வளவுதானே?"

அவருடைய பேனா 'இல்லை' என்னும் கட்டத்தை நோக்கிச் சென்றது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். பிறகு கணினியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் எங்கள் இருவர் மீதும் நடவடிக்கை வரலாம். திறக்காவிட்டால் அந்தப் பேனா இறங்கிவிடும்.

"ஐயா, மன்னிக்கணும். அந்தச் சொல்லெல்லாம் என்னுதுங்க."

"அதைத்தானே நான் சொன்னேன். நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க."

"இல்லீங்க ஐயா. நான் எழுதுனது தண்ணித் தொட்டிக்குங்க."

அவருக்கு விளங்கவில்லை. நான் விண்ணப்பக் கட்டை எடுத்துவந்து அவர் முன் வைத்தேன். மாணவியின் பெயரைத் திறந்து அவற்றை எழுதினேன் என்பதையும், அவள் பட்டியலில் என் சொற்கள் ஏறிவிட்டன என்பதையும் நின்றபடியே கூறினேன். அவர் நான்கு விண்ணப்பங்களைப் புரட்டினார். நான்கிலும் 'தயவுகூர்ந்து' இருந்தது. ஒன்றில் மூன்று முறை இருந்தது. தலைமையாசிரியை தொண்டையைச் செருமி, "நான்தான் சொன்னேன்" என்றார். அதற்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அலுவலர் மாணவியின் பக்கம் திரும்பினார். "சரிம்மா, கட்டத்துல அது வந்துச்சு. நீ எதுக்கு எடுத்தே?"

"ஆபீசருக்கு எழுதறதுங்களே. மருவாதியா எழுதோணுமல்லங்க."

"பன்னிக்கு எதுக்கும்மா மரியாதை?"

"பன்னிக்கு இல்லீங்க. உங்களுக்குத்தானுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வேண்டியதைவிட நேரமாயிற்று. பிறகு தாமே கணினி முன் குனிந்து புதிய பெயர் ஒன்றைத் திறந்தார். அது இவ்வளவு எளிதான வேலை என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"அதே சேதியை இதுல எழுது. இன்னொரு அரை மணி. எனக்கு மரியாதை வேண்டாம். சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

தாமரைச்செல்வி 'ஊ' என்று தட்டினாள். கட்டத்தில் ஊக்கம், ஊசி, ஊதியம், ஊர்வலம் என்று வந்தன.

"எம்பட சொல்லெல்லாம் போயிருச்சுங்களே" என்று அவள் கூறியதைக் கேட்டுக்கொண்டே நான் வெளியேறினேன். என் சொற்களோடு அவள் ஆறு மாதம் பழக்கிய சொற்களும் பழைய பெயரில் தங்கிவிட்டன. புதிய பெயருக்கு அவளைத் தெரியாது.

வெளியே மதிற்சுவர் இல்லாத இடத்தில் பாவாயி நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்களையும் வெளிய தொரத்திப்போட்டாங்களா? நீங்களும் பெயிலுங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அவ?"

"எழுதிட்டிருக்கா."

சன்னல் வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. வலக்கை விரல் ஒன்று விசைப்பலகையின் மேல் நெடுநேரம் தேடிவிட்டு ஓர் எழுத்தின் மேல் இறங்கும். மீண்டும் தேடும். உலோகக் குரல் ஏறக்குறைய பேசவே இல்லை. கட்டம் காட்டிய சொற்களை அவள் எடுக்கவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. 'வீ' என்று தட்டினால் 'வீடு' உடனே வந்திருக்கும். அதைச் சொல்லச் சன்னலருகே இரண்டடி சென்றேன். அது உதவியாகக் கருதப்படும் என்பது நினைவுக்கு வரவே திரும்பிவிட்டேன்.

அரை மணி முடிந்ததும் என்னை அழைத்தார்கள். தாளில் மூன்றரை வரிகள் இருந்தன. இம்முறை அலுவலர் மெதுவாக வாசித்தார்:

'நேத்து எங்க ஊட்டுக் காட்டுல பன்னி பூந்துருசு. குச்சிக்கெழங்கு பூராத்தையும் தோண்டிருசு. எங்கம்மா கல்லு எடுத்து வீசுசு. கல்லு பன்னி மேல'

அத்துடன் நின்றிருந்தது. மூன்று இடங்களில் மெய்யெழுத்து விடுபட்டிருந்தது.

"இப்படி எழுதினா பரீட்சையில மார்க் போடமாட்டான்" என்றார் அலுவலர்.

"தெரியுமுங்க" என்றாள் அவள்.

"வேகமும் பத்தாது."

"தெரியுமுங்க."

"ஆனா நீதான் எழுதியிருக்கே. இதை இந்த சார் எழுதவே முடியாது."

அவர் 'ஆம்' என்னும் கட்டத்தில் குறியிட்டார். கீழே, மாணவி இப்பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பில் தொடரலாம் என்றும், தேர்வுகளில் இம்மென்பொருளும் கூடுதல் நேரமும் அவளுக்கு அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். பின்பு என்னிடம், அரசுக் கணினியைப் பயன்படுத்தியது குறித்து விளக்கம் எழுதி அனுப்புமாறு கூறினார்.

"ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம் சார். கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

விண்ணப்பங்களை எடுத்துக்கொள்ளாமலே அவர் ஜீப்பில் ஏறினார். பிற்பாடு அவற்றைத் தபாலில் அனுப்பினோம்.

நான் பாவாயியிடம் சென்று, பெண் இங்கேயே படிக்கலாம் என்று கூறினேன்.

"நெசமாலுமுங்களா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாருங்க, அம்மா."

அவர் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பன்றி மறுபடியும் வருவதற்குள் காட்டிற்குப் போய் வேலியில் முள் அடைக்க வேண்டும் என்றார். பிறகு வாசலில் நின்று உள்நோக்கிக் குரல் கொடுத்தார்.

"கண்ணு, வா போலாம். அதான் பாசாயிட்டயே."

உள்ளே தாமரைச்செல்வி கணினியை அணைக்கவில்லை. புதிய பெயரில், விட்ட வரியின் கடைசியில், எழுதும் இடத்தைக் காட்டும் கோடு மின்னிக்கொண்டிருந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த எழுத்தைத் தேடினாள்.

"இரும்மா. கல்லு இன்னும் பன்னி மேல படல."