குடிசைக்கு அடியில் ராஜா

கொட்டகை வாசல் பலகையில் 'எகிப்து ராஜாவின் சமாதி' என்று எழுதியது, உள்ளே படம் காட்டும் ராஜரத்தினம்தான். பழியை வேறு யார் தலையில் கட்டுவது? கல்லறை என்று எழுதினால் தீட்டென்று ஒருவரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். ரங்கூனில் நம் சனங்களுக்குச் சமாதி என்றால் சித்தர் அமர்ந்த இடம் என்பது அந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை லான்மடாவ் பேட்டைக் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை சுமக்கிறவர்கள் குளித்து, விபூதி பூசி, தேங்காயும் கற்பூரமுமாகக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கண்ணாடித் தகட்டுப் படங்களைத் துணியில் பெரிதாக்கிக் காட்டும் படவிளக்கின் பக்கத்தில் நின்று ராஜரத்தினம் திரியை ஏற்றினார். கொட்டகைக்காரர் ஜாபர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் சனம் பாதியில எந்திரிச்சுப் போனா, நாளையிலேருந்து கொட்டகை குஸ்திக்குத்தான். நீ பழையபடி மூட்டை தூக்கப் போ."

முதல் படம் துணியில் விழுந்தது. பாறையில் வெட்டிய படிக்கட்டு. முன்வரிசையில் இருந்த தங்கமணி என்ற பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி எப்பங்க சமாதியானாரு?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. கும்பிட்ட கைகளைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை.

"சாமி இல்லம்மா. துட்டங்காமன்னு ஒரு ராஜா. மூவாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்த பிள்ளை. இருபது வயசுகூட ஆகல. இது அவனப் பொதைச்ச எடம்."

"சவத்தக் காட்டவா கூப்பிட்டே?" என்று கருப்பையா எழுந்தார். துறையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் பின்னால் பலர் எழுந்தார்கள்.

ராஜரத்தினம் படபடவென்று படம் மாற்றினார். நடைவழி, முன்னறை, ராஜா கிடக்கும் அறை. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி, கடைசியில் முழுப் பொன்னில் ஒன்று. யார் பார்த்தார்கள்? எல்லோரும் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினார்.

"பெரிய ராஜாங்க பெருசாக் கட்டுனதையெல்லாம் திருடன் தொடச்சிட்டான்! இது சின்னது, அவசரத்துல பொதைச்சது. இதுலயும் ஆரம்பத்துல கை வெச்சான். அப்புறம் வாசலையே எவனாலயும் கண்டுபுடிக்க முடியல. ஏன் தெரியுமா? பின்னால இன்னொரு ராஜாவுக்குக் கல்லு வெட்ட வந்த கூலிக்காரங்க, இதுமேல குடிசை போட்டுட்டாங்க!"

கருப்பையா நின்றார்.

"கூலிக்காரனா? நம்மளப்போலயா?"

"நம்மளப்போலத்தாண்ணே. கீழ ராஜா கெடக்குறது தெரியாம, மேல கஞ்சி காய்ச்சிக் குடிச்சிட்டுத் தூங்கியிருக்காங்க."

கருப்பையா சிரித்த சிரிப்பில் கொட்டகையே சிரித்தது. "அப்ப ராஜாவுக்குக் காவல் நாமதான்! அந்தக் குடிசையக் காட்டுய்யா."

அதற்குப் படம் இல்லை. குடிசையை யார் படம்பிடித்து விற்கிறார்கள்? ராஜரத்தினம் கண்ணாடித் தகட்டை உருவிவிட்டார். துணியில் வெறும் வெளிச்சம் நின்றது. அடுப்பு இங்கே, தண்ணிப் பானை அங்கே என்று விரலால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"தொட்டில் அந்த மூலையில கட்டியிருப்பா," என்றாள் தங்கமணி. இல்லை, அங்கே புகை அடிக்கும் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள்.

வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த ஜாபர் தாடியைத் தடவினார்.

"ரத்தினம், நாளைக்கும் இந்த வெறும் துணியவே போடு."

குஸ்தியும் இல்லை, மூட்டையும் இல்லை; ராஜரத்தினத்துக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.