நாற்பத்தொன்றாவது ஆள்

தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் என் நம்பர் நாற்பத்தொன்று. நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பூரணி என்று கூப்பிடுகிறவர்களைவிட நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும்போது, வீரய்யா கங்காணி ஒரு தாளை வாசித்தார். நுவரெலியாவில் நடக்கும் கொழுந்து பறிக்கும் போட்டிக்கு எங்கள் டிவிசனிலிருந்து ஒரே ஆள், ஆறு மாதச் சராசரியில் முதல் ஆள், நம்பர் நாற்பத்தொன்று, நாளுக்கு இருபத்துநாலு கிலோ என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்கூடப் பறிக்கும் நாகலெட்சுமிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். அன்று சாயந்தரமே டவுனுக்குப் போய், போட்டிக்குக் கட்டவிருந்த பச்சைச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

மறுநாள் மலையில் கேலி தொடங்கிவிட்டது.

"கொழுந்தன் ஆபிசுல கம்ப்யூட்டர் தட்டுறான். அண்ணிக்கு இருபத்துநாலு என்னா, நாப்பதே போடுவான்" என்றாள் சிசிலி.

என் கொழுந்தன் ஜெயகாந்தன் தோட்டத்து ஆபிசில் புதுக் கிளாக்கர். கணக்குப் போடுவதற்கென்றே இருக்கும் ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியை ஹட்டனில் படித்துவிட்டு வந்தவன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. என் கை ஒருநாள்கூட இருபத்திரண்டு கிலோவைத் தாண்டியதில்லையே, சராசரி எப்படி இருபத்துநாலு ஆகும்?

கொழுந்து நிறுத்து முடிந்ததும் நேரே ஆபிசுக்குப் போனேன்.

"என்னா தொரை, ஒங்க மெசினுக்கு என் மேல அவ்வளவு பாசமா?"

"மெசினு பொய் சொல்லாது அண்ணி. பாருங்க."

ஒவ்வொருவர் சராசரியையும் வரிசையாக அடுக்கி அதற்குக் 'கொழுந்து' என்று பெயர் வைத்திருந்தான். யாருடையது அதிகம் என்று மெசினைக் கேட்டானாம், 41 என்று வந்ததாம். என் கண்முன்னே கொழுந்து[41] என்று அடித்தான். 24 என்று வந்தது.

"அந்தச் சதுரக் கூட்டுக்குள்ள இருக்கிறது என்னா?"

"நாப்பத்தொண்ணாவது ஆளு."

"வரிசையில நாப்பத்தொண்ணாவதா நிக்கிற ஆளா, நாப்பத்தோராம் நம்பர்க்காரியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட மண்டு! மூணாம் நம்பர் பென்சன் போயிட்டாங்க. ஒம்பது கொழும்புக்குப் போயாச்சு. அந்த நம்பரையெல்லாம் வேற யாருக்காச்சும் குடுத்தாங்களா? தோட்டத்து லயத்துல பொறந்த புள்ளைக்குத் தெரியாதா இது?"

அவன் முகம் செத்துவிட்டது. செக்ரோல் நம்பர்களையும் அதே வரிசையில் அடுக்கி, நம்பர்[41] என்று அடித்தான். 52 என்று வந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ஐம்பத்திரண்டுக்குள் பதினொரு நம்பருக்கு ஆளே இல்லை; அதனால் வரிசையில் நாற்பத்தொன்றாவதாக நிற்பது ஐம்பத்திரண்டாம் நம்பர்.

ஐம்பத்திரண்டு நாகலெட்சுமி.

"என்னோடது?"

கொழுந்து[நம்பர் == 41] என்று அடித்தான். நம்பர் நாற்பத்தொன்றாக இருக்கிறவளுடையதை மட்டும் எடு என்று அர்த்தமாம். 19 என்று வந்தது.

"அண்ணி, நாளைக்குப் பெரட்டுல என் மானம் போயிரும்" என்றான்.

சொல்லாமல் விட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. பொய் சொல்வானேன், போட்டிக்குப் போக எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் சிசிலி சொன்னது உண்மையாகிவிடுமே! மறுநாள் பெரட்டில் கங்காணி வாயைத் திறப்பதற்குள் நானே முன்னால் போய் நின்றேன்.

"முதல் ஆளு நான் இல்லீங்க. அம்பத்திரண்டு. எங்க தொரை ஆளை எண்ணிட்டாரு, நம்பரைப் பாக்கல."

பெரட்டே சிரித்தது. ஜெயகாந்தன் ஆபிஸ் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. மலை ஏறும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒனக்கு முன்னமே தெரியுமாடி?"

"என் சராசரி எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன்டி வாயத் தொறக்கல?"

கூடையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "மறுநாள் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ சட்டை தைக்கக் குடுத்துட்டேன்னு சொன்னாங்க."

தைத்து வந்த சட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன். போட்டிக்கு அந்தச் சட்டையைத்தான் அவள் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. நான்தான் நாலு ஊக்கு குத்தி அனுப்பினேன்.