படகின் எண்

"உனக்குப் பிடிச்ச நம்பர் எது?" என்று முதல் வகுப்பிலேயே தோர்கெல் கேட்டார். கணக்குப் பாடத்தில் இப்படி ஒரு கேள்வியை ஸ்டைனுன் எதிர்பார்க்கவில்லை. கணவன் ஆஸ்கேர் வேலை செய்யும் படகின் முகப்பில் எழுதியிருந்த 1417 நாக்கில் வந்தது. அதையே சொன்னாள்.

"சரி, அதுதான் உன் விதை எண். கம்ப்யூட்டருக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாதும்மா, குலுக்குற மாதிரி நடிக்கத்தான் தெரியும். எங்க ஆரம்பிக்கணும்னு நாமதான் சொல்லணும். அதே எண்ணைக் கொடுத்தா அதே சீட்டுங்க அதே வரிசைல விழும். அப்பத்தான் இன்னொருத்தர் உன் கணக்கைச் சரிபார்க்க முடியும்."

அவள் கற்றுக்கொண்டாள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டின் ஓரத்து மீன்வள நிலையத்தில் வேலையும் கிடைத்தது. இந்தக் குளிர்காலம்தான் லோத்னா மீன் கணக்கு முதன்முறையாக அவள் கைக்கு வந்தது. ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த அளவுகளை வைத்து கணிப்பொறிக்குள் ஆயிரம் கடல்களை உண்டாக்கினாள். ஒன்றில் தண்ணீர் சற்றுச் சூடு, ஒன்றில் லோத்னாவைத் தின்னும் காட் மீனுக்குப் பசி அதிகம். நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட கடல்களில் லோத்னா அற்றுப்போனால் இந்தப் பருவத்தில் வலை போடக் கூடாது. அதுதான் விதி.

விதையாக வழக்கம்போல 1417-ஐக் கொடுத்தாள். நான்கு புள்ளி எட்டு வந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வாய் தவறி அதை ஆஸ்கேரிடம் சொன்னாள். மறுநாள் பேக்கரியில் ரொட்டி வாங்கப் போனால் சேதி தெரிந்து ஆளாளுக்கு அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள். இந்த வருஷமும் லோத்னா இல்லையென்றால் படகைக் கிழக்குக் கரைக்கு விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். படகு போனால் வேலை போகும். வேலை இல்லாத ஊரில் இவர்கள் வீட்டை யார் வாங்குவார்கள்? விற்கவும் முடியாது, இருக்கவும் முடியாது.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, சும்மா ஒரு தடவை விதையை மாற்றிப் பார்த்தாள். ஐந்து புள்ளி ஆறு. இன்னொன்று: ஐந்து புள்ளி இரண்டு. வேறொன்று நான்கு புள்ளி ஒன்பது. பழைய வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

தோர்கெல் தொலைபேசியில் சிரித்தார். "ஆயிரம் கடல் பத்தாதும்மா. லட்சம் கடல் ஓட்டிப் பாரு. அப்ப விதை எதுவா இருந்தாலும் விடை ஆடாது."

கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பனிப்புயல் மலைப்பாதையை மூடியது. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்த ஆஸ்கேர், கம்பளிக் கையுறையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன ஸ்டைனா, உன் பொட்டிக்குள்ள மீன் மாட்டுச்சா?"

"இன்னும் ஓடுது."

"பரவால்ல, எங்க என்ஜினை விட சத்தம் கம்மிதான்."

அவள் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் திரையில் ஓட்டம் நின்றது. ஐந்து புள்ளி நான்கு.

அவனுக்கும் அந்த விதி தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"பழைய நம்பரைப் போடு" என்றான்.

"ஆஸ்கேர்..."

"அது பொய்யா? எந்த நம்பர் வேணாலும் போடலாம்னு உங்க வாத்தியார்தானே சொன்னாரு?"

"போடலாம். பாக்குறதுக்கு முன்னாடி. விடையைப் பாத்துட்டு விதையைப் பொறுக்கக் கூடாது."

"நீ பொறுக்கலையே! முதல்ல போட்டதே அதுதானே? நம்ம படகு நம்பர்டி அது!"

உண்மைதான், அவள் பொறுக்கவில்லை. ஆயிரம் கடலோடு நிறுத்தியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்க எந்தக் கட்டளையும் இல்லை.

அவன் அவளைத் தாண்டிக் கை நீட்டி, ஆயிரம் என்றும் 1417 என்றும் ஒற்றை விரலால் தட்டினான். பலமுறை அவள் தோளுக்குமேல் பார்த்துப் பழகியிருந்தான். நான்கு புள்ளி எட்டு பணிவாக வந்து நின்றது.

"பாத்தியா? வருது."

"வரும். எப்பவும் அதேதான் வரும்."

ஜன்னலுக்கு வெளியே பனி, மலை, துறைமுகம் எதுவும் தெரியவில்லை. அவள் அந்த வரியை அழித்தாள். ஐந்து புள்ளி நான்கை அறிக்கையில் எழுதி, கீழே தன் பெயரைச் சேர்த்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள்.

"அனுப்பிட்டேன்" என்றாள். "ஏதாவது சொல்லு."

ஆஸ்கேர் எழுந்தான். கையுறைகளை மாட்டிக்கொண்டு, காற்று உள்ளே புகாதபடி கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே போனான்.