பேக்ஹோவுக்கு அப்பன் யார்?

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, மண்ணுக்குள் விட்ட கையை வெளியே எடுக்க மறுத்துவிட்டது விருமாண்டியின் பேக்ஹோ.

இடம், மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாயின் வரத்துக்கால். முள்ளும் சேறுமாக அடைந்து கிடந்த ஒரு கிலோமீட்டரைத் தூர்வாரும் வேலையைப் பாசன சங்கம் அவனிடம் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கால்வாயில் தண்ணீர் திறக்கிறார்கள். சனிக்கிழமை மாலைக்குள் முடியாவிட்டால் வேலை கை மாறும். மாறப்போகும் கை எது என்பதும் ஊருக்கே தெரியும். அவன் மனைவியின் அண்ணன் ராஜபாண்டி, புத்தம் புது இயந்திரத்தைக் கரையில் நிறுத்திவிட்டு, அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ள, தேள் கொடுக்கு படுத்துருச்சா?"

"சீல் போயிருச்சு மச்சான். மாத்துனா எந்திரிச்சுரும்."

"மாத்து, மாத்து. நான் எங்கயும் போகல."

தேள் கொடுக்கு என்று ராஜபாண்டி சொன்னதில் தப்பில்லை. டிராக்டரின் பின்னால் வளைந்து நிற்கும் தோண்டும் கை அது. மூடிப்போன கிரானைட் குவாரியில் முள்செடிக்குள் கிடந்ததை ஆறு வருஷம் முன்பு விருமாண்டி வாங்கி மாட்டினான். பெயர்த்தகடு கிடையாது. எண் கிடையாது. வெளியே எந்த மூலையிலும் ஓர் எழுத்து கிடையாது. கேட்பவர்களிடம் பாரின் மிஷின் என்பான். எந்த நாடு என்றால், குளிர் பிரதேசம் என்பான்.

இப்போது அதன் கையைத் தூக்கும் சிலிண்டரில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்து, எண்ணெயெல்லாம் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையளவு வளையம். அது கிடைத்தால் வேலை அவனுடையது. கிடைக்காவிட்டால் மச்சானுடையது.

ஆரப்பாளையத்தில் சௌரிராஜனின் கடைக்குப் போனான். 'அயல்நாட்டு அசல் உதிரிபாகங்கள் மட்டும்' என்று பலகை. அதன் கீழே, சந்தேகம் வரக்கூடாது என்று, 'உள்ளூர்ச் சரக்கு கேட்காதீர்.' இஸ்திரி கலையாத சட்டையில் சௌரிராஜன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தார்.

"மேக் என்ன?"

"தெரியலண்ணே. பழைய சீலக் கொண்டாந்துருக்கேன்."

கிழிந்த வளையத்தைப் பேனா முனையால் ஓரமாகத் தள்ளினார். "கம்பெனி பேரு போட்டாத்தான் கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கமே திறக்கும்."

"அளந்து பாத்துக் குடுங்கண்ணே."

"அளந்து குடுக்க இது என்ன ஜாக்கெட் துணியா? அப்பன் பேரு தெரியாம பள்ளிக்கூடத்துல சேப்பாங்களா?"

"இப்ப சேக்குறாங்கண்ணே."

"நான் சேக்க மாட்டேன்." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டார். "பசுமலையில ஜேசுராஜ் சார்னு ஒருத்தர் இருக்காரு. மிஷன் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்தவரு. நட்டப் பாத்து நாட்டச் சொல்லுவாரு. போய் எழுதி வாங்கிட்டு வா."

ஜேசுராஜ் சார் ஓய்வு பெற்றதிலிருந்து 'தொன்மை இயந்திர ஆய்வு வட்டம்' என்ற வாட்ஸப் குழுவை நடத்திவந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். அதில் ஸ்பேனரைப் பிடித்தவர்கள் நான்கு பேர் இருக்கலாம். விருமாண்டி அனுப்பிய நாற்பது படங்களும் ஏறிய அரை மணி நேரத்தில் குழு மூன்று கட்சியாக உடைந்தது. வளைவைப் பார்த்து இத்தாலி என்றார்கள். போல்ட்டைப் பார்த்து இங்கிலாந்து என்றார்கள். ஒருவர் படத்தையே பார்க்காமல் ஜெர்மனி என்றார்; அவர் எதற்கும் ஜெர்மனி என்பவர். கிழிந்த வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜேசுராஜ் சாரே தொப்பியும் பூதக்கண்ணாடியுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பெயிண்டைப் பிளேடால் சுரண்டினார். சிவப்பு, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே மஞ்சள். ஓர் இடுக்கில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கவனி. இந்தப் பழுப்பு நிற அடிப்பூச்சு நம்ம நாட்டுல கிடையாது. ஐரோப்பாவுல கடுங்குளிருக்காகப் பூசுறது."

"சார், அது ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம். ஆறு வருஷமா அதே எடத்துலதான் அப்புறேன்."

"நீ ஐரோப்பாவுக்குப் போயிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்பப் பேசாம இரு."

அன்று மாலை குழுவில் ஓட்டெடுப்பு. இத்தாலிக்கு அறுபத்தொன்று, இங்கிலாந்துக்கு ஐம்பத்தெட்டு. ஏழு பேர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள்; அவை செல்லாத ஓட்டுகள். ஆய்வு வட்டத்தின் முத்திரையோடு சான்றிதழ் வந்தது: 'தயாரிப்பு, வட இத்தாலி. ஐயத்திற்கு இடமில்லை.' கீழே, அங்கே இருந்ததாக ஜேசுராஜ் சார் நம்பிய ஒரு கம்பெனியின் பெயர்.

புதன்கிழமை சௌரிராஜன் அந்தப் பெயரைத் தட்டினார். கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்தைத் திறந்தது. "பாத்தியா, பேருன்னு ஒண்ணு இருந்தா எம்புட்டு மரியாதை" என்றார். சென்னையிலிருந்து வியாழக்கிழமை பார்சல் வந்தது. பளபளக்கும் பெட்டிக்குள் பளபளக்கும் வளையம்.

சிலிண்டருக்குள் போட்டதும் அது கிணற்றில் விழுந்த வளையல் மாதிரிக் கிடந்தது.

விருமாண்டி போன் போட்டான். சௌரிராஜன் கொதித்தார். "என் கடைச் சரக்கு தப்பாகாது. உன் மிஷின்தான் தப்பு. நாளைக்கு நானே வாரேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரத்துக்கால் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. காரில் வந்த சௌரிராஜன், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நின்றார். சான்றிதழைக் காப்பாற்ற ஜேசுராஜ் சாரும் வந்திருந்தார். பாசன சங்கத் தலைவி சோணையம்மாள் கையில் அளவுகோலாக வைத்திருந்த கம்பைத் தரையில் ஊன்றினாள்.

"விருமாண்டி, இன்னும் முன்னூறு மீட்டர் கெடக்கு. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அஞ்சே காலுக்கு ஒங்க மச்சான் வண்டி எறங்கும்."

"அக்கா, அஞ்சுக்கே எறக்குனா என்ன?" என்றான் ராஜபாண்டி. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சிலிண்டரைக் கழற்றிய இடத்தில் தெரிந்த ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தான். கூடு மாதிரித் தகடு சேர்த்துச் செய்த கை அது, உள்ளே வெற்றிடம். "எலி செத்துக் கெடக்கான்னு பாப்போம். இத்தாலி எலிய நான் பாத்ததில்ல."

உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"வண்டியை... நடுவில்... நிறுத்தவும்."

ராஜபாண்டி விருமாண்டியின் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, இத்தாலிக்காரன் தமிழ் நல்லாத்தான்டா எழுதிருக்கான்."

விருமாண்டி குனிந்து பார்த்தான். தடித்த இரும்புத் தகட்டின் உட்புறத்தில், பச்சைப் பெயிண்டில், தலைகீழாக அந்த மூன்று சொற்கள். லாரியை ஏற்றி எடை போடும் மேடையின் தகடு. வெட்டித் திருப்பி ஒட்டவைத்திருக்கிறார்கள்.

ஜேசுராஜ் சார் மட்டும் அசரவில்லை. "இத்தாலிக்காரங்க அந்தக் காலத்துல இந்தியாவுலருந்து பழைய இரும்பு வாங்கிருக்கலாம். வாய்ப்பிருக்கு."

"சார், மதுரையிலருந்து இத்தாலிக்குப் போயி, அங்கருந்து மேலூருக்கு வந்துருக்கா?" என்றாள் சோணையம்மாள். "பஸ்ஸுல வந்தா ஒரு மணி நேரம்."

அப்போதுதான் விருமாண்டி கவனித்தான். சௌரிராஜன் ஓட்டைக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது முகத்தில் கடைக்காரக் களை இல்லை.

"என்னண்ணே?"

"அந்த எழுத்து" என்றார் சௌரிராஜன். "வால் சுருட்டுன 'ந'. அஞ்சாவது படிச்சப்ப லீவுல நான்தான் எழுதுனேன். எங்கப்பாவோட எடை மேடை அது. இப்பக் கடை இருக்குற எடத்துலதான் இருந்துச்சு."

தள்ளிப் போய்த் தன் அப்பாவுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் பேச்சு வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஓடியது. அவர் குரல் ஏறியது. அந்தப் பக்கக் குரல் ஏறவேயில்லை. போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டது ராஜபாண்டி; பேச்சு தமிழுக்கு மாறியது.

"ஆமாப்பா, நம்ம பட்டறைல செஞ்சதுதான்" என்றது எண்பத்தோரு வயதுக் குரல், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "குவாரிக்கு வந்த வெள்ளக்கார மிஷினப் பாத்து ஒம்பது அடிச்சோம். எடை மேடைய ஒடச்சோம்ல, அந்தத் தகடுதான்."

"பேரு போட்டிருக்கலாமேப்பா."

"மொத ரெண்டுக்குப் போட்டேன். ஆரப்பாளையம்னு பாத்ததும் ஒருத்தனும் தொடல. மூணாவதுலருந்து பேர எடுத்துட்டேன். பாரின்னு அவனவனே சொல்லிக்கிட்டு வரிசைல நின்னான்."

விருமாண்டி போனருகே குனிந்தான். "ஐயா, சீல் என்ன சீலு?"

"டிப்பர் லாரி ஜாக்கி சீல்தான் தம்பி. ஆனா எம் மகன் கடையில கெடைக்காது. அவன் லோக்கல் வைக்க மாட்டான். பக்கத்துக் கடை வாசல்ல மாலை மாதிரித் தொங்கும்."

விருமாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணி. சௌரிராஜனைப் பார்த்தான்.

"அண்ணே, கார எடுங்க."

"அந்தாளு கடைக்கா? நானா? பதினஞ்சு வருஷமா அவன்கூடப் பேச்சுவார்த்தை இல்ல."

"பேச வேணாம்ணே. மாலையக் காட்டி விரல நீட்டுங்க."

பன்னிரண்டரைக்கு வளையம் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் பழையதை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாராம். மேக் என்ன என்று அவர் கேட்கவே இல்லை என்பதைச் சௌரிராஜன் சொல்லும்போது, தானே குற்றம் செய்தவர் போலச் சொன்னார். நாலு மணிக்கு எண்ணெய் ஊற்றி லீவரை இழுத்தார்கள். கை ஒருமுறை உதறியது. பிறகு ஒரு வாய்ச் சேற்றோடு மேலே எழும்பியது.

வெளிச்சம் இருக்கும்வரை ஓடியது. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஓடியது. ராஜபாண்டி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை மடக்கினான். நாலு ஐம்பதுக்குக் கடைசிக் கொத்து மண் கரையில் விழுந்தது. சோணையம்மாள் கம்பை ஊன்றி ஊன்றி ஒரு கிலோமீட்டரையும் நடந்து பார்த்தாள். ஆழம் சரி. அகலம் சரி.

கரையிலேயே தீர்மானப் புத்தகத்தை விரித்தாள். விருமாண்டி எட்டிப் பார்த்தான். 'வெளிநாட்டு நவீன இயந்திரம் கொண்டு தூர்வாரும் பணி குறித்த நாளில் நிறைவுற்றது.'

"அக்கா, இது ஆரப்பாளையம்ல?"

"தெரியும். ஆபீசர் வந்து பாக்குறப்ப, எடை மேடைத் தகட்டுல வெட்டுனோம்னு எழுதி வச்சா, ஆழத்த மறுபடி அளக்கச் சொல்லுவாரு. வெளிநாடுன்னா எறங்கிப் பாக்கவே மாட்டாரு. ஒனக்கு வேலை முடியணுமா வேணாமா?"

விருமாண்டி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"சாட்சி?" என்றாள் சோணையம்மாள்.

வேலை முடிவதைப் பார்க்க அன்றும் வந்திருந்து, காரில் ஏறப் போன சௌரிராஜன் திரும்பி வந்து, இயந்திரம் இருந்த பக்கம் பார்க்காமல், அழகாகக் கையெழுத்திட்டார்.