இன்னும் பத்தே நிமிஷம்

மல்சுன்னுக்கு மலை ஏறத் தொடங்கும்போதே மனசு சரியில்லை. போன குளிர்காலத்தில்தான் புருஷன் தொக்சுவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெதுவாக நடந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதை மனுஷன் எந்தக் காதில் வாங்கினாரோ, இலையுதிர்காலத்தில் இலை சிவக்கிற வாரம் வந்ததும் மலையேறும் பூட்ஸைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். உச்சியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்க மேப்பிள் சிவப்பு, அதற்கப்பால் கிழக்குக் கடல். அதைப் பார்க்காத வருஷம் அவருக்கு வருஷமே இல்லையாம்.

"நெஞ்சு லேசா இறுக்கினாலும் சொல்லணும். உடனே இறங்கிடணும். சரியா?"

"சரிடி, சரி. சங்கூ அம்மா சொல்லுக்கு மறுசொல் உண்டா?" மகன் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்.

இரும்புப் படிகளில் பெண்கள் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று மல்சுன் கேட்டாள்.

"அட, வந்தாச்சுக்கா! பத்தே நிமிஷம். மேல போய்ப் பாருங்க, கால்வலியெல்லாம் மறந்துடும்!" ஒருத்தி ஆளுக்கொரு வெள்ளரித் துண்டையும் கையில் திணித்தாள்.

வெள்ளரி தீர்ந்தது, படி தீரவில்லை. அடுத்து ஒரு பச்சைத் தொப்பிக் கிழவர் வந்தார். அவரும், "பத்தே நிமிஷம்மா!"

அப்புறமும் ஏறினார்கள், ஏறினார்கள். உச்சியைக் காணோம்.

"இந்த மலையில ஒருத்தர் வாயிலயும் உண்மையே வராதா?" என்று வெடித்தாள். திட்ட மட்டும் அவளுக்கு என்ன யோக்கியதை? ஏறுகிறவர் மனம் தளர்ந்துவிடக் கூடாதென்று இறங்குகிறவர் எல்லாரும் சொல்லும் பொய்தானே அது. எத்தனை மலைகளில் அவளே வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள்!

திரும்பிப் பார்த்தாள். தொக்சு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தார். அந்தக் குளிர்காற்றிலும் நெற்றி வேர்த்திருந்தது. உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வலிக்குதாங்க?"

"சேச்சே, மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதீங்க!"

"லேசா... இப்ப சரியாயிடும். இன்னும் பத்தே நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கா தெரியாது? பையிலிருந்த நெஞ்சுவலி மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, மீட்புப் படைக்கு போன் போட்டாள்.

"ஊரைக் கூட்டி மானத்தை வாங்காதடி!"

"நீங்க முதல்ல உயிரோட இருங்க, மானத்தை அப்புறம் பாத்துக்கலாம்!"

சத்தம் கேட்டு, அந்தக் கிழவரே திரும்ப ஏறி வந்து தன் மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார்.

ஹெலிகாப்டர் வந்தது. கயிற்றில் இருவரையும் தூக்கி ஏற்றிக்கொண்டு உச்சிக்கு மேலாகவே பறந்தது. மூக்கில் வைத்த ஆக்சிஜனை விலக்கிவிட்டு தொக்சு, "சங்கூ அம்மா, கீழ பாருடி! மலையே பத்தி எரியுது! அதோ கடல்!" என்றார்.

மல்சுன் பார்க்கவில்லை. அவர் உதட்டில் சிவப்பு திரும்புகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்று மீட்புப் படை இளைஞனிடம் கேட்டாள்.

"வந்தாச்சும்மா. பத்தே நிமிஷம்."

அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜப் பத்தா தம்பி, மலைப் பத்தா?"